கிளம்பர் பூங்கா: வீடு போன பின்னும் நிற்கும் நிலம்

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில், வொர்க்ஸாப் நகருக்குத் தென்கிழக்கே சில மைல் தொலைவில் இருக்கும் கிளம்பர் பூங்காவுக்கு நான் முதலில் சென்றது ஒரு சுற்றுலாப் பேருந்தில். ஒரே நாளில் மூன்று இடங்களைக் காட்டுவதாகச் சொல்லி அழைத்துச் சென்ற ஏற்பாட்டாளர், கிளம்பர் வந்ததும், "இங்கே பெரிய மாளிகை ஒன்று இருந்தது, இப்போது இல்லை, ஆகவே பார்ப்பதற்கு அதிகம் ஒன்றுமில்லை, ஒரு மணி நேரத்தில் தேநீர் அருந்திவிட்டு வந்துவிடுங்கள்" என்று அறிவித்தார். நானும் அதை நம்பி, ஏரியை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, தேநீரும் கேக்கும் வாங்கிக்கொண்டு பேருந்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவைத் தவறவிட்டேன் என்பது, பிறகு ஷெஃபீல்டிலிருந்து நானாகவே மூன்று முறை சென்று, ஒவ்வொரு முறையும் ஒரு முழுப் பகலை அங்கே செலவிட்ட பின்னரே தெரிந்தது. இந்த மதிப்புரையை எழுதுவதற்குக் காரணமும் அதுதான். மாளிகை இல்லை என்பதால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். மாளிகை இல்லாததனால்தான் அதைச் சுற்றி அமைக்கப்பட்ட நிலத்தை அங்கே நன்றாகப் பார்க்க முடிகிறது.

முதலில் இடத்தின் அளவைச் சொல்லிவிடுகிறேன். 3,800 ஏக்கர். காடும், புல்வெளியும், ஹெதர் செடிகள் படர்ந்த மேட்டுநிலமும், நடுவே 87 ஏக்கர் பரப்பில் வளைந்து செல்லும் ஓர் ஏரியும் கொண்ட நிலம். ஷெர்வுட் காட்டின் ஒரு பகுதியை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேலியிட்டு வேட்டைப் பூங்காவாக்கியதில் இதன் வரலாறு தொடங்குகிறது. பிறகு நியூகாசில் டியூக்குகள் என்ற உயர்பட்டப் பிரபுக்களின் குடும்பச் சொத்தாக இருந்து, 1946இல் பொதுமக்கள் திரட்டிய நன்கொடையின் உதவியுடன், பழைய மாளிகைகளையும் இயற்கை நிலங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கைக்கு வந்தது. ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் இத்தனை டியூக்குகளின் பண்ணைகள் ஒன்றையொன்று ஒட்டி இருந்ததால், இப்பகுதிக்கு 'டியூக்கரீஸ்' என்றே பெயர் விழுந்தது. வெல்பெக், தோர்ஸ்பி, வொர்க்ஸாப் மேனர் ஆகியவை கிளம்பரின் அக்கம்பக்கத்தார்.

மாளிகையின் கதை நீண்டது. நிலத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன். 1760களில் ஸ்டீபன் ரைட் என்ற கட்டடக் கலைஞரின் திட்டப்படி வீடு எழுந்தது. 1879 மார்ச் மாதத்தில் தீப்பற்றி அதன் நடுப்பகுதி அழிந்தது. அப்போது டியூக் பட்டத்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்த ஏழாம் டியூக்குக்கு வயது 14. சார்லஸ் பேரி இளையவர் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வீடு மீண்டும் கட்டப்பட்டது. 1912இல் இன்னொரு தீ. அதற்குள் காலம் மாறிவிட்டது. பெரிய நிலப்பிரபுக் குடும்பங்களின் வருமானம் சுருங்கியது, வரி கூடியது, வேலையாட்கள் குறைந்தார்கள். 1937இல் நூலகம் ஏலத்துக்குப் போனது. 1938இல் வீடே இடிக்கப்பட்டது. தளவாடங்களும் கதவு சன்னல்களும் கற்களும் விற்றுப்போயின. இந்தக் குடும்பத்தைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று உண்டு. 'ஹோப் வைரம்' என்று உலகம் அறிந்த நீல வைரத்தை 1901இல் விற்றவர், பின்னாளில் எட்டாம் டியூக்கான பிரான்சிஸ் ஹோப் பிரபு. அந்த வைரம் கிருஷ்ணா ஆற்றங்கரையில் உள்ள கொல்லூர் சுரங்கத்திலிருந்து சென்றதாகவே வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள்.

இனி நிலத்துக்கு வருவோம். ஏப்லிஹெட் வாயிலின் வழியாக நுழைவதையே நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் அங்கிருந்துதான் புகழ்பெற்ற லைம் மரச்சாலை தொடங்குகிறது. 'லைம்' என்றதும் நம் வீட்டார் எலுமிச்சையை நினைத்துக்கொள்வார்கள். எனக்கும் முதல் முறை அந்த மயக்கம் இருந்தது. எலுமிச்சைக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ஐரோப்பாவின் பிற பகுதிகளில் லிண்டன் என்று அழைக்கப்படும், இதய வடிவ இலை கொண்ட, ஓங்கி வளரும் நிழல்மரம் இது. சாலையின் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டிரண்டு வரிசையாக, மொத்தம் 1,296 மரங்கள், இரண்டு மைலுக்கும் மேற்பட்ட நீளத்துக்கு நிற்கின்றன. ஐரோப்பாவிலேயே மிக நீளமான இரட்டை வரிசை லைம் சாலை என்று இதைச் சொல்கிறார்கள். நான்காம் டியூக் காலத்தில், 1840ஐ ஒட்டி நடப்பட்டவை.

பெரும்பாலோர் இந்தச் சாலையைக் காரில் கடந்து, ஐந்து நிமிடத்தில் வாகன நிறுத்தத்துக்குப் போய்விடுகிறார்கள். அது பெரிய இழப்பு. ஓரிடத்தில் காரை விட்டுவிட்டு, உள்வரிசைக்கும் வெளிவரிசைக்கும் நடுவே இருக்கும் புல்தரையில் இறங்கி நடந்து பாருங்கள். அங்கேதான் மரச்சாலை தன்னைக் காட்டும். அடிமரங்களின் பருமன், அவற்றின் காலடியில் புதராக முளைத்துக் கிடக்கும் இளங்கிளைகள், தண்டில் கட்டிகட்டியாகப் புடைத்த முண்டுகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். பல மரங்களின் தண்டைச் சுற்றி, கறுப்பு வளையம் ஒன்று தெரியும். யாரோ எண்ணிக்கைக்காகப் பூசிய அடையாளம் என்று நான் நினைத்திருந்தேன். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இலை தின்னும் பூச்சிகள் தண்டு வழியே ஏறாமலிருக்கப் பூசிய பூச்சு அது. நூறு ஆண்டு மழையும் பனியும் அதை முழுதாகக் கழுவிவிடவில்லை. நான் ஒரு மரத்தின் வளையத்தில் கை வைத்துப் பார்த்தேன். மற்ற இடங்களில் சொரசொரப்பாகவும் பாசி படிந்தும் இருந்த பட்டை, அந்த வளையத்தில் மட்டும் காய்ந்த தார் போல இறுகியிருந்தது. வீட்டைக் காப்பாற்ற முடியாத ஒரு குடும்பத்தின் ஊழியர்கள் மரங்களைக் காப்பாற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒவ்வொரு மரமாக, 1,296 முறை, யாரோ வாளியும் தூரிகையுமாக நின்று பூசியிருக்க வேண்டும் என்று எண்ணியபோது, அந்தச் சாலையின் மீது எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

ஜூன் இறுதியிலும் ஜூலையிலும் லைம் பூக்கும். பூ கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. மணம்தான் முந்திக்கொண்டு வரும். தேனும் பச்சைப் புல்லும் கலந்தாற்போன்ற, மகிழம்பூவைவிட மென்மையான மணம். அப்போது மரத்தடியில் நின்றால் தலைக்கு மேலே தேனீக்களின் ரீங்காரம் விடாமல் கேட்கும். அதே பருவத்தில் அசுவினிப் பூச்சிகள் சுரக்கும் பிசுபிசுப்பான தேன்துளி கீழே சொட்டும் என்பதால், மரத்தடியில் காரை நிறுத்துபவர்கள் கண்ணாடியைக் கழுவ நேரிடும். அதையும் சொல்லிவைப்பது என் கடமை.

மாளிகை இருந்த இடம் ஏரியின் வடகரையில் உள்ளது. என் அம்மா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தபோது அழைத்துச் சென்றேன். ஊசிக்கோபுரம் உயர்ந்த ஆலயத்தைப் பார்த்தார், குதிரை லாய முற்றத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். பிறகு நடுவே விரிந்து கிடந்த வெறும் புல்வெளியைப் பார்த்து, "வீட்டை இடிச்சுட்டு வாசலை மட்டும் வெச்சிருக்காங்களேப்பா" என்றார். எனக்குத் தெரிந்து கிளம்பரைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை. சுற்றியிருக்கும் எல்லாமே ஒரு வீட்டை நோக்கியே அமைக்கப்பட்டிருக்கின்றன. மரங்கள் விலகி வழிவிடுகின்றன, தரை மெல்லச் சரிந்து நீருக்கு இறங்குகிறது, எதிர்க்கரையில் காடு ஓரிடத்தில் திறந்து ஒரு காட்சியைத் தருகிறது. ஆனால் அந்தக் காட்சியைச் சன்னலில் நின்று பார்க்க வேண்டியவர்களின் சன்னல் இல்லை.

வீட்டின் அடித்தளக் கோடு புல்வெளியில் கற்களால் குறிக்கப்பட்டுள்ளது. அந்தக் கோட்டைச் சுற்றி நடந்தால் வீடு எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது உடம்புக்கே தெரியும். நான் அடியெண்ணி நடந்தேன். ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் எண்ணிக்கை தவறிவிட்டது. 2018 ஜூலையில் இங்கிலாந்தில் நீண்ட வறட்சியும் வெயிலும் நிலவியபோது, இங்கே ஓர் அரிய நிகழ்வு நடந்தது. மண்ணுக்குள் புதைந்திருக்கும் சுவர் அடித்தளங்களுக்கு மேலே மண்ணின் ஆழம் குறைவு; அங்கே ஈரம் விரைவில் வற்றிவிடும்; ஆகவே அந்தக் கோடுகளின் மேலிருந்த புல் மட்டும் முதலில் காய்ந்து வெளிறியது, அறைகளின் நடுவிலிருந்த புல் பச்சையாகவே நின்றது. டிரோன் கொண்டு மேலிருந்து எடுத்த படங்களில், இடிக்கப்பட்டு 80 ஆண்டுகள் ஆன வீட்டின் அறைகளும் சுவர்களும் வரைபடம் போல விழுந்திருந்தன. அந்தப் படங்கள் அப்போது செய்தித்தாள்களிலும் வெளியாகின. அவற்றைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு அந்தப் புல்வெளியில் நின்று பாருங்கள் என்று இப்போது செல்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். காலுக்குக் கீழே எந்த அறை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நிற்பதும், வெறும் புல்லில் நிற்பதும் ஒன்றல்ல.

அங்கிருந்து ஏரியை நோக்கி இறங்கினால் வருவது 'லிங்கன் டெரஸ்' எனப்படும் நீண்ட கரைநடை. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் சாரி கில்பின் என்ற தோட்டக் கலைஞர் இங்கே பணியாற்றியதன் பலன். நீரை ஒட்டியே செல்லும் நேர்ப்பாதை, சமதளமாக இருப்பதால் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் சிரமமின்றிச் செல்லலாம். அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. அவர் பெஞ்சுக்குப் பெஞ்சு உட்கார்ந்து முழுவதையும் நடந்து முடித்தார்.

ஏரி இயற்கையானதன்று. போல்ட்டர் என்ற சிற்றாற்றின் குறுக்கே அணையிட்டு, 1774இல் தொடங்கி 15 ஆண்டுகள் உழைத்து உண்டாக்கியது. நம் ஊர் ஏரிகளைப் போலவே மண் வெட்டி, கரை கட்டி, உபரிநீருக்குக் கலிங்கு வைத்துச் செய்த வேலைதான். ஆனால் ஒரு குழி நிலத்துக்கும் பாய்ச்சுவதற்கன்று, பார்ப்பதற்காக மட்டுமே. பாசனத்துக்கென்றே ஏரி வெட்டிய மரபில் வந்த எனக்கு இது முதலில் நெருடலாக இருந்தது. ஆனாலும் அமைப்பின் நுட்பத்தை மதிக்காமல் இருக்க முடியாது. ஏரியின் இரு முனைகளும் வளைந்து மரங்களுக்குப் பின்னே மறைந்துவிடுவதால், வீட்டு வாசலில் நின்று பார்த்தால் அது ஏரியாகத் தெரியாது, எங்கிருந்தோ வந்து எங்கோ போகும் ஒரு பேராறாகத் தோன்றும். அந்த மயக்கத்தை முழுமையாக்கவே ஒரு முனையில் மூன்று வளைவுகள் கொண்ட கற்பாலம் வைத்தார்கள். ஆறு என்றால் பாலம் இருக்கத்தானே வேண்டும். இரு கரைகளிலும் ஒவ்வொன்றாக, பழைய கிரேக்க, ரோமானியக் கோயில்களின் சாயலில் சிறு மண்டபங்களும் உண்டு. ஒரு காலத்தில் 'லிங்கன்' என்ற பெயரில், போர்க்கப்பல் ஒன்றின் சிறு வடிவத்தையே கட்டி இந்த ஏரியில் மிதக்கவிட்டிருந்தார்கள்.

அந்தப் பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018இல் யாரோ ஒரு காரை அதன் கைப்பிடிச் சுவரில் மோதவிட்டு, அங்கேயே தீ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். 18ஆம் நூற்றாண்டுக் கற்கள் உடைந்து நீரில் விழுந்தன. அதன்பின் கல்தச்சர்கள் பழைய அளவுகளை எடுத்துப் புதிதாகக் கல் செதுக்கிப் பாலத்தை மீட்டெடுத்தார்கள். இன்று பாலத்தின் மீது நின்று குனிந்து பார்த்தால், பழைய கல்லுக்கும் புதிய கல்லுக்கும் இடையே நிறம் மாறும் கோட்டைக் காணலாம். பழையதில் சாம்பல் நிறப் பாசிப்பொட்டுகள், விளிம்புகள் தேய்ந்து உருண்டிருக்கின்றன. புதியதில் உளியின் கூர்மை இன்னும் இருக்கிறது. அந்த வேறுபாட்டை மறைக்க முயலாமல் விட்டிருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஏரியைச் சுற்றி வர ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நடக்க வேண்டும். குழந்தைகளோடு போனால் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்விக் என்ற செங்கல் வீடுகள் கொண்ட சிற்றூரின் அருகே ஏரியின் கீழ்முனை வருகிறது; பண்ணையில் வேலை செய்தவர்களுக்காக எழுப்பிய ஊர் அது. இந்தப் பக்கத்தில் கரையின் கோடு சற்றே ஒழுங்கற்றிருப்பதற்கும் காரணம் உண்டு. பூங்காவுக்குக் கீழே நிலக்கரி வெட்டியதால் தரை அமிழ்ந்து, ஏரியின் கரை சில இடங்களில் பாதிக்கப்பட்டுப் பிறகு சீர்செய்யப்பட்டது. மேலே டியூக்கின் அலங்கார நீர், கீழே நிலக்கரித் தொழிலாளர்கள் வெட்டிய சுரங்கம். நாட்டிங்ஹாம்ஷயரின் முழு வரலாறும் அந்த ஓரிடத்தில் அடுக்கடுக்காக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. மழைக்காலத்தில் இந்தப் பகுதிப் பாதை சேறாகிவிடும், செருப்போடு போகாதீர்கள்.

வீடு இடிந்தும் இடியாமல் நிற்பது ஆலயம். ஏழாம் டியூக், ஜி. எஃப். போட்லி என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1886 முதல் 1889 வரை கட்டிய புனித மரியாள் ஆலயம் இது. வெண்ணிறக் கல்லும் செந்நிற மணற்கல்லும் மாறிமாறி வரும் சுவர்கள், 180 அடி உயரும் ஊசிக்கோபுரம். தனியொரு குடும்பம் வழிபடுவதற்காகக் கட்டியது என்று நம்பவே முடியாத அளவு. உள்ளே நுழைந்ததும் வெளிச்சம் தணிகிறது. கெம்ப் என்பவரின் பட்டறையில் செய்த வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள், முற்பகலில் எதிர்ச்சுவரின் கல்லில் பச்சையும் நீலமுமாகச் சாயம் பூசுகின்றன. நாங்கள் சென்ற அன்று அங்கிருந்த தன்னார்வலர் ஒருவர், முதிய பெண்மணி, அம்மாவுக்கு ஆங்கிலம் வராது என்று அறிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, கையைப் பிடித்து அழைத்துச் சென்று மரச்செதுக்கல்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆலயத்துக்கு அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

நான் மிக அதிக நேரம் செலவிட்டது மதில் சூழ்ந்த காய்கறித் தோட்டத்தில். மாளிகையின் சமையலறைக்காக 18ஆம் நூற்றாண்டில் அமைத்த நான்கு ஏக்கர் தோட்டம். உயரமான செங்கல் மதில்கள் பகலில் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் வெப்பத்தை விடுவதால், சுவரை ஒட்டி வளர்க்கும் பழமரங்கள் இந்தக் குளிர்நாட்டிலும் காய்க்கின்றன. வடபக்கச் சுவரில் சாய்ந்தாற்போல 450 அடி நீளத்துக்குக் கண்ணாடிக் குடில். நேஷனல் டிரஸ்டிடம் உள்ளவற்றில் மிக நீளமானது இதுவே. அதற்குள் திராட்சைக்கொடி, பீச், அத்தி என்று அறை அறையாக மாறிக்கொண்டே போகும். ஒரு கோடியில் பழைய தோட்டக் கருவிகளின் காட்சி இருக்கிறது. மண்வெட்டிகளின் மரக்கைப்பிடிகள் பிடித்துப் பிடித்தே வழுவழுப்பாகியிருப்பதை, இத்தனை நூற்றாண்டும் இந்த நிலத்தை நிலமாக வைத்திருந்த கைகளின் அடையாளமாகவே நான் பார்த்தேன்.

இந்தத் தோட்டத்தின் சிறப்பு ருபார்ப். 130க்கும் மேற்பட்ட வகைகளை வைத்திருக்கிறார்கள். கீரைத்தண்டு போன்ற சிவந்த தண்டு, யானைக்காது போன்ற இலை. இலை நஞ்சு, சாப்பிடக்கூடாது. தண்டை மட்டுமே உண்ணலாம். ஆங்கிலேயர் சர்க்கரை போட்டு இனிப்பாக்கிச் சாப்பிடுகிறார்கள். ஆனால் அதன் புளிப்பு பச்சை மாங்காயின் புளிப்புக்கு மிக நெருங்கியது. இங்கே வசிக்கும் நம் வீடுகள் பலவற்றில் சித்திரை மாதப் பச்சடிக்கு மாங்காய் கிடைக்காத ஆண்டில் ருபார்ப்தான் கைகொடுக்கிறது. வெல்லமும், தாளித்த கடுகும், காய்ந்த மிளகாயும், கடைசியில் வேப்பம்பூ கிடைத்தால் அதுவும். அம்மா பாத்தி பாத்தியாகக் குனிந்து ஒவ்வொரு தண்டையும் பார்த்தார். "இது நார் கம்மி, தொக்குக்கு ஆகும்" என்றும், "இது வெறும் தண்ணி" என்றும் சொல்லிக்கொண்டே நடந்தார். கண்ணாலேயே அவர் சொன்ன தீர்ப்பு சரிதானா என்று சோதிக்க வழியில்லை, ஆனால் தோட்டத்தில் அன்று மிக மகிழ்ச்சியாக இருந்தவர் அவர்தான். தோட்டத்துக்குச் செல்லும் தேவதாரு வரிசைப் பாதையும் தவறவிடக் கூடாதது. அந்த மரங்களின் தாழ்ந்த கிளைகள் விரித்த கைகளைப் போலப் பாதையின் மேல் நீண்டிருக்கின்றன.

இத்தனையும் நன்றாக இருந்தும், முழு மதிப்பெண் கொடுக்க ஒன்றில் மனம் ஒப்பவில்லை. லைம் சாலை இன்னும் கார்கள் ஓடும் சாலையாகவே இருக்கிறது. விடுமுறை நாளின் நண்பகலில் அங்கே நடப்பவர்கள் வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கியே நடக்க வேண்டும், மரங்களின் வேர்ப்பகுதி மண்ணும் சக்கரங்களால் இறுகுகிறது. குதிரை வண்டிக்காக நட்ட சாலை, ஆயிரக்கணக்கான கார்களை எத்தனை காலம் தாங்கும் என்ற கவலை எனக்கு உண்மையாகவே உண்டு. ஒரு பகுதியையாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும் விட்டால் நன்றாக இருக்கும்.

வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களுக்காக இரண்டு செய்திகளை இங்கே சேர்க்கிறேன், ஏனெனில் அவற்றின் சுவடும் இந்த நிலத்தில் கலந்தே இருக்கிறது. லைம் மரங்களை நட்ட நான்காம் டியூக், வாக்குரிமைச் சீர்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர். அதற்குப் பதிலடியாக 1831இல் மக்கள் கூட்டம் அவருக்குச் சொந்தமான நாட்டிங்ஹாம் கோட்டை மாளிகைக்குத் தீ வைத்தது. கிளம்பருக்கும் கலகக்காரர்கள் வருவார்கள் என்று அஞ்சி அவர் இங்கே பீரங்கிகளை நிறுத்தினார். அதே டியூக், 1840ஐ ஒட்டி அண்டையிலிருந்த வொர்க்ஸாப் மேனரை விலைக்கு வாங்கி, நிலத்தை வைத்துக்கொண்டு, அங்கிருந்த மாளிகையை இடித்தார். நூறாண்டு கழித்து அவருடைய வீட்டுக்கும் அதுவே நேர்ந்தது. இன்னொன்று, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இங்கே வெடிமருந்துகள் சேமிக்கப்பட்டன. எதிரி அரண்களை நோக்கித் தரையைக் கிழித்துக்கொண்டு முன்னேறுவதற்கென உருவாக்கிய பெரும் பதுங்குகுழி தோண்டும் இயந்திரம் ஒன்றை 1941இல் இந்தப் பூங்காவில்தான் சோதித்துப் பார்த்தார்கள், சர்ச்சிலே வந்து பார்வையிட்டார். அந்த இயந்திரம் போரில் பயன்படவே இல்லை.

செல்ல விரும்புவோருக்கு நடைமுறைச் செய்திகள். ரயிலில் வொர்க்ஸாப் வரை வந்து அங்கிருந்து வாடகைக் காரில் செல்லலாம். நடந்தோ சைக்கிளிலோ நுழைபவர்களுக்குக் கட்டணமில்லை. காரில் வந்தால் நிறுத்தக் கட்டணம் உண்டு, நேஷனல் டிரஸ்ட் உறுப்பினர்களுக்கு அதுவும் இல்லை. உள்ளேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. 3,800 ஏக்கரைக் காலால் மட்டும் அளக்க முடியாது என்பதால் இளையவர்களுக்கு அதைப் பரிந்துரைக்கிறேன். ஆலயமும் காய்கறித் தோட்டமும் திறக்கும் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும், ஆகவே புறப்படுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். சிற்றுண்டிச்சாலையில் சைவம் உண்பவர்களுக்குச் சூப்பும் ரொட்டியும் கேக்கும் கிடைக்கும். ஆனாலும் புளியோதரை கட்டிக்கொண்டு போவதே உத்தமம், ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட அதைப் போல இன்னொன்று இல்லை. பறவை பார்ப்பவர்கள் தொலைநோக்கி கொண்டு செல்லுங்கள். கொண்டை முக்குளிப்பான்கள் காலை வேளையில் கரைக்கு மிக அருகிலேயே நீந்தும்.

எந்தப் பருவம் என்று கேட்டால், ருபார்புக்கு மே, லைம் பூவுக்கு ஜூலைத் தொடக்கம், ஹெதர் ஊதாவாக விரிவதற்கு ஆகஸ்ட். ஒரே முறைதான் போக முடியும் என்பவர்கள் ஜூலை முதல் வாரத்தில், வார நாளொன்றில், காலை ஒன்பது மணிக்கு முன்பே ஏப்லிஹெட் வாயிலுக்கு வந்துவிடுங்கள். அந்த நேரத்தில் சாலையில் கார்கள் இருக்காது. இரண்டு வரிசை மரங்களுக்கு நடுவே புல்லில் இறங்கி நடங்கள். தேனீக்கள் அதற்குள் வேலையைத் தொடங்கியிருக்கும்.